வீட்டுக்குள்ளே ஏது பனி?

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம், ஏற்காட்டில் நடந்தது இது. அப்போது நான் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் பிடித்துக் கொடுக்கும் போட்டோக்காரன். கழுத்தில் கேமராவோடு காலையிலிருந்து மாலைவரை படகுத்துறைப் பக்கம் நிற்பேன். வீட்டில் ஒரு மூலையைக் கறுப்புத் துணியால் மறைத்து வைத்திருந்தேன். அங்கேயே ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு, மறுநாள் அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பிள்ளைகளே, அந்தக் கேமராவைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது பழைய நாற்காலி, மேசைகளோடு சேர்த்து விற்றதில் நான் வாங்கியது. என்னைவிட வயதானது. புத்தகம் மாதிரி மூடி வைக்கலாம். மூடியைத் திறந்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒரு தோல் நீண்டு, அதன் நுனியில் லென்ஸ் வந்து நிற்கும். கிழக் கேமரா என்றாலும் படம் நன்றாக விழும். விழுந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் ஒரு வருடமாகவே படங்கள் வெளிறிப்போய் வந்தன. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம். முகத்தைச் சுற்றி ஒரு புகை. யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "பனிங்க சார். மலைன்னா இது இல்லாம இருக்குமுங்களா?" என்பேன். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சிலருக்கு அது பிடித்தும் இருந்தது. வெயில் அடித்த நாளில் எடுத்த படத்துக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லிக் கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தால், மனசு உறுத்தி ஒரு நாளாவது கேமராவைத் திறந்து பார்த்திருப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி ஏரிக்கரைக்கு வந்தார். விவசாயக் குடும்பம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, சாமை போடுகிறவர்கள். பத்து நாளைக்கு முன்னால் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் அவருடைய வீட்டுக்காரரைப் படம் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் படத்தை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"ஏனுங்க, இதுல எங்கூட்டுக்காரரு எங்கீங்க இருக்காரு?"

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "பனிங்கம்மா. இந்த மாசத்துல நொம்ப எறங்குது, பாருங்க."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊட்டுக்குள்ளார கட்டல்ல உக்கார வச்சுத்தானுங்க புடிச்சீங்க? ஊட்டுக்குள்ளார ஏதுங்க பனி?"

பக்கத்தில் நின்றிருந்த படகுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். படத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு சட்டை தெரிந்தது. சட்டைக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு. மூக்கு எது, மீசை எது என்று நானேதான் சொல்ல வேண்டும்.

அவர் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். வருகிற திங்கட்கிழமை சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அந்த மனுசன் இதற்கு முன்னால் ஒரு தடவைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட இல்லை.

"நல்லபடியா வந்துருவாருங்க. அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா ஒருவேளை வராமப் போயிட்டா, எம் பசங்களுக்குக் காட்ட ஒரு மொகம் வேணுமில்லீங்களா?"

சேலத்தில் பெரிய ஸ்டுடியோ இருக்கிறது, போகிற வழியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் படம் எடுத்தால் அது சாவுக்கு எடுக்கிற படம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். எடுத்தால் தன் வீட்டில், தன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவாராம்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் வந்து சரியா எடுத்துத் தர்றேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலையே கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, ஷட்டரைத் திறந்தே நிற்கும்படி வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒரு தூசி இல்லை. தினமும் துடைக்கிறேனே! ஆனால் உள்ளே, ஒரு கண்ணாடிக்கும் இன்னொரு கண்ணாடிக்கும் நடுவில், பால் காய்ந்த டம்ளர் மாதிரி ஒரு படலம். ஓரத்தில் மெல்லிய வேர்கள் மாதிரி பூசணம் கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. மலை ஈரத்தில் துணி பூசணம் பிடிக்கும், செருப்பு பிடிக்கும், பெட்டிக்குள் இருக்கும் சர்டிபிகேட்கூடப் பிடிக்கும் என்று தெரிந்த எனக்கு, கண்ணாடியும் பிடிக்கும் என்று தோன்றவே இல்லை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். லென்ஸைக் கழற்ற யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மற்றப் போட்டோக்காரர்களிடம் கேமராவை இரவல் கேட்கலாம்தான். படகுத்துறையில் நடந்தது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, "என்னப்பா, ஊட்டுக்குள்ள பனி உட்டுருச்சா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். வெட்கத்தில் நான் கேட்கவில்லை. நானே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. பாயின் மேல் வெள்ளை வேட்டியை விரித்தேன். கழற்றுகிற சாமான்கள் வரிசை மாறிவிடக் கூடாது. அதற்கு என் மனைவியின் இட்லித் தட்டைக் கேட்டு வாங்கினேன். முதலில் கழற்றியது முதல் குழியில், அடுத்தது இரண்டாவது குழியில் என்று வைக்கலாம் அல்லவா?

"நாளைக்கு இட்லிக்குள்ள ஆணி வந்தா நான் பொறுப்பில்லீங்க" என்றாள் மனைவி. ஆனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கடுகுக்கும் சின்னதான அந்தத் திருகாணிகளை அவள்தான் எண்ணி எண்ணிக் குழியில் போட்டாள்.

முன்பக்கத்து வளையத்தில் மூன்று திருகாணிகள். அதை எடுத்ததும் முன் கண்ணாடி திருகு மரையில் சுழன்று வெளியே வந்தது. அதற்குப் பின்னால் நடுக் கண்ணாடி. கேமராவின் உட்பக்கத்தில் இருக்கும் பின் கண்ணாடிதான் மசியவில்லை. அதைச் சுழற்ற எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஊன்றுகிற கருவி என்னிடம் இல்லை. மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்த டிவைடரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் அரத்தில் தேய்த்து மட்டமாக்கி ஊன்றினேன். இரண்டு தடவை வழுக்கியது. கண்ணாடியில் கீறல் விழுந்தால் கதை முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாவது தடவை திருப்பினேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அசைந்து கொடுத்தது.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி வைத்திருந்தேன். பழைய, நைந்துபோன மல் துணியில் ஒரு சொட்டு தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தேன். அழுத்தக் கூடாது. ஒரு தடவை துடைத்த துணி மறுபடி படக் கூடாது. சாயங்காலம் வரை அதே வேலை. வேர் மாதிரி படர்ந்தது போய்விட்டது. ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடியையே அரித்திருந்தது. அது ஊசிமுனை அளவுதான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கையில் கண்ணாடி இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம்!

வியாழக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி, ஒரு ஃபிலிம் போட்டுத் தெருவில் ஏழெட்டுப் படம் எடுத்துக் கழுவினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். புகை போய்விட்டது, கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஆனால் எதுவுமே தெளிவாக இல்லை. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது மாதிரி, கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் எல்லாமே கலங்கலாக இருந்தன.

என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்த முன் கண்ணாடியைத் திருப்பித்தான் தூரம் வைக்க வேண்டும். வளையத்தில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். அந்த மரை ஒரே இடத்தில் தொடங்குகிற மரை அல்ல. நாலைந்து இடத்தில் தொடங்கும், எதில் வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளும். கழற்றும்போது அது விடுபட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். திருகாணியை எண்ணினேன், குழியை எண்ணினேன், அந்த ஒரு கோட்டைப் போடவில்லை.

திருத்த ஒரு வழி தெரிந்தது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் பட்டர் பேப்பரை விறைப்பாக ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்தால், எதிரே இருப்பது அதில் தலைகீழாக விழும். வெகு தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்த்து, அது கூர்மையாக விழும்வரை முன் கண்ணாடியைத் திருப்பி, அங்கே வளையத்தை மாட்டிவிட்டால் மற்ற அடிக்கணக்கெல்லாம் தானாகச் சரியாகிவிடும். வெகு தூரம் வேண்டும் என்றால் ஏற்காட்டில் எங்கே போக வேண்டும்? சேலம் டவுன் கீழே தெரிகிற பாறை விளிம்புக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். பனி. சேலமும் இல்லை, மலையும் இல்லை, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை. உண்மையான பனி! மத்தியானம் வரை நின்றேன். சாயங்காலமும் போனேன். சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கேமராவைச் சட்டைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் விலகினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். விலகவில்லை.

அங்கே அவித்த வேர்க்கடலை விற்கிற ஓர் அக்கா இருந்தார். மழைக் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏனுங்கண்ணா, நேத்துப் புடிச்சு இங்கயே நிக்கறீங்களே, சேலத்துல பொண்ணுகிண்ணு கட்டிக் குடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்கக்கா. சேலம் தெரிஞ்சாத்தான் எனக்கு வேலை ஆகும்."

"நல்ல வேலைங்க போங்க! அது எங்கயும் ஓடிப்போவாது. இங்க பக்கத்துல நிக்கறனே, என்னைத் தெரியுதில்லீங்க? ஒரு பொட்டணம் வாங்கித் தின்னுட்டு அப்பறம் நில்லுங்க."

வாங்கினேன். இரண்டு கடலையை உரித்திருப்பேன். சட்டென்று கை நின்றுவிட்டது. அந்த அக்கா என்னிடமிருந்து ஆறடி தூரத்தில் இருந்தார். அவ்வளவு பனியிலும் அவர் முகம், மூக்குத்தி, புருவத்தில் நின்ற நீர்த்துளி எல்லாம் தெரிந்தன. எனக்கு எதற்குச் சேலம்? நான் எடுக்கப் போவது ஒரே ஒரு மனுசனை. அவர் ஆறடியில் உட்காருவார். எல்லாத் தூரமும் சரியாக வேண்டியதில்லையே! அந்த ஆறடி ஒன்று சரியாக இருந்தால் போதாதா? வளையத்தில் எழுதியிருக்கும் கணக்கை மறந்துவிட்டு, அவரையே பட்டர் பேப்பரில் பார்த்து வைத்துவிடலாமே!

அந்த அக்காவிடம் இன்னொரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய், இறங்கி நடந்து, அவர்கள் வீட்டை அடைந்தேன். அந்த ஆள் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நன்றாக மெலிந்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முற்றமெல்லாம் பனி அடைந்திருந்தது.

"என்னங்க போட்டோக்காரரே, போன தடவ ஊட்டுக்குள்ள பனின்னு சொன்னீங்களாம். இப்பப் பனிக்குள்ளயே கொண்டாந்து உக்கார வைக்கறீங்க" என்றார்.

"அன்னிக்குச் சொன்னது தப்புங்க. கோளாறு எங்கிட்டத்தான் இருந்துச்சு" என்றேன். அதைச் சொல்வது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது.

முக்காலியில் கேமராவை நிறுத்தினேன். கேமராவிலிருந்து அவர் மூக்கு நுனிவரை ஒரு கயிறு பிடித்து முடிச்சுப் போட்டேன். அவர் முன்னே பின்னே சாய்ந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

"ஏ புள்ள, பாத்தியா? மாட்டுக்கு மூக்கணாங்கவுறு போட்டாப்ல எனக்கும் போட்டுட்டாரு" என்றார் மனைவியிடம்.

"இருவத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே போட்டிருக்கோணுங்க" என்றார் அந்த அம்மா.

நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பட்டர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, கையை முன்னால் நீட்டிக் கண்ணாடியை நூல் நூலாகத் திருப்பினேன். கலங்கலாக ஒரு முகம் தலைகீழாக நீந்தியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். திடீரென்று மீசை மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றது. தாண்டிப்போய், மறுபடி திரும்பி வந்து, அதே இடத்தில் நிறுத்தினேன். ஸ்பிரிட்டோடு கம்பவுண்டர் கொடுத்திருந்த பிளாஸ்திரியை அதன் மேல் சுற்றி அசையாமல் ஒட்டினேன்.

அந்த அம்மாவுக்கும் பார்க்க வேண்டுமென்று ஆசை. துணிக்குள் தலையை விட்டவர் அடக்க முடியாமல் சிரித்தார். "ஏனுங்க! உங்களைத் தலகீழாத் தொங்கவுட்டிருக்காருங்க! வவ்வாலாட்டம் இருக்கீங்க!" சிரித்துக்கொண்டே இருந்தவர் கொஞ்ச நேரம் துணிக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டர் பேப்பரை எடுத்துவிட்டு, கேமராவை அசைக்காமல் ஃபிலிமைப் போட்டேன். முதல் படத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்துத் தூரத்தை மறுபடி சரி பார்த்தேன். ஒவ்வொரு படத்துக்கும் அப்படியே. மொத்தம் ஆறு எடுத்தேன்.

பகலிலேயே வீட்டுக்கு வந்து, மூலைக்குள் புகுந்து வேலையை ஆரம்பித்தேன். நாலாவது படத்தைப் பிரிண்ட் போட்டேன். மருந்துத் தண்ணீரில் வெள்ளைக் காகிதம் மிதந்தது. முதலில் இரண்டு கண்கள் வந்தன. பிறகு மீசை. சவரத்தில் தப்பிய இரண்டு முடிகள். புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. சட்டைப் பொத்தானைத் தைத்த நூல்கூட. நான் "வந்துட்டாரு!" என்று கத்தியதில் என் மனைவி துணியை விலக்கிவிட்டாள். வெளிச்சம் பட்டு அந்தப் பிரிண்ட் கறுத்துப்போனது. நல்லவேளை, மீதிக் காகிதக் கட்டு மூடியிருந்தது, வேறு போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் அவர்கள் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக இரண்டு பிரிண்ட்டை நீட்டினேன். அந்த அம்மா வாங்கிப் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இதுதானுங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மொதப் படமே தேவலைங்க. அதுல நான் கொமரனாட்டம் இருந்தேன்" என்றார். ஒரு பிரிண்ட்டை அந்த அம்மா என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் தொலைந்துபோனாலும் போகும், பத்திரமாக வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம் என்றார். பஸ் நகர்ந்தது.

கார்த்திகை போனது. மார்கழியும் பாதி போனது. தகவல் எதுவும் இல்லை. போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் படத்தை ஃபிலிம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, படகுத்துறையில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். திரும்பினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையால் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். முன்னைவிட மெலிந்திருந்தார். ஆனால் நடந்து வந்திருந்தார்.

"எம் மொகத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார்.

அந்தக் கேமராவை நான் இன்னும் பல வருடம் வைத்திருந்தேன். பனி விலகிய ஒரு நாளில் பாறை விளிம்பில் நின்று சேலத்தைப் பார்த்து மற்ற தூரங்களையும் சரி செய்துகொண்டேன். ஆனால் பிள்ளைகளே, சரி செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. அவர் திரும்பி வந்து தன் முகத்தை வாங்கிக்கொண்டார். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் என்னிடம் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். புதிதாகக் கல்யாணமானவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், முதல் தடவை மலையைப் பார்த்தவர்கள். அவர்கள் விலாசம் என்னிடம் இல்லை. எந்த ஊரிலோ, எந்த வீட்டு ஆல்பத்திலோ அந்தப் படங்கள் இருக்கும். "அன்னைக்கு ஒரே பனி" என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அன்று நல்ல வெயில் அடித்தது என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியே இல்லை. அதனால்தான் இன்றைக்கும் என் வேலையில் ஏதாவது பிசகினால், வானத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் என் கையில் இருப்பதை ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.